நான் சொந்தமா, சாமான் சொந்தமா

மெத்தை முதலாளி அன்று காலை அடுக்களை வாசல்வரை வந்தார். வந்தது போதாதென்று உப்பக்காவைப் பார்த்துச் சிரித்தும் வைத்தார். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் சமைக்கிறாள், முதலாளி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. சீட்டைக் கிழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

உப்பக்கா என்பது வைத்த பேர் இல்லை, வந்த பேர். கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியை மோந்து பார்த்தே உப்பு பற்றுமா பற்றாதா என்று சொல்லிவிடுவாள். முதலாளிக்கு மெத்தைத் தொழிற்சாலை. ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவருடைய மெத்தையில் யாராவது வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அடியில் பெரிய எழுத்தில் ‘படுத்துவிட்டால் எல்லாரும் சமம்’ என்றிருக்கும். உப்பக்காவின் வீட்டுக்காரர் ஒரு வங்கியில் இரவுக் காவல். ஊரே படுக்கிற நேரத்தில் நிற்கிறவர். அந்த விளம்பரத்தைக் கடக்கும்போதெல்லாம், “எந்திரிச்ச பிறகு?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

“நீ என்ன உப்பக்கா, எங்களுக்கு வேத்து மனுஷியா?” என்றார் முதலாளி. “நீ எங்க சொந்தம் மாதிரி.”

உப்பக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அதுவரைக்கும் அவள் அந்த வீட்டில் ‘ஆள்’. விருந்தாளி வந்தால் ‘சமையலுக்கு ஆள் இருக்கு’ என்பார்கள். அவள் லீவு போட்டால் ‘ஆள் வரல’ என்பார்கள். ஆளாக இருந்தவள் ஒரே மூச்சில் சொந்தமாகிவிட்டாள். வாலில் ஒரு ‘மாதிரி’ தொங்கியதை அவள் அப்போது கவனிக்கவில்லை. உப்பு விஷயத்தில் அவ்வளவு கூர்மையானவளுக்குச் சர்க்கரை விஷயத்தில் நாக்கு மரத்துப்போகும்.

விஷயம் இதுதான். அரசாங்கம் ஆடம்பர வரி என்று புதிதாக ஒன்று போட்டிருந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் தாங்களாகச் சொல்வதை நம்பி நம்பி ஓய்ந்துபோய், இனிமேல் அதிகாரிகளே நேரில் வந்து கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு. பியானோ, சரவிளக்கு, மசாஜ் நாற்காலி, பீரோ மாதிரி இருக்கிற ஃப்ரிட்ஜ், எல்லாவற்றுக்கும் வரி உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அதற்கும் உண்டு.

முதலாளியின் ஆடிட்டர் ஒல்லியான மனிதர். வாயைத் திறந்தால் ‘அதாவது’ என்றுதான் ஆரம்பிப்பார். சட்டத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதாவது, பொருள் நம் வீட்டில் இருந்தாலும் வரி, சொந்தக்காரர் வீட்டில் இருந்தாலும் வரி. முன்னே ஒருமுறை ஆளாளுக்கு மச்சான் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் கொண்டுபோய் ஒளித்து வைத்ததால் வந்த வினை. ஆனால் வேலைக்காரர் வீட்டைப் பற்றி யாருக்கும் யோசனையே போகவில்லை. “அதாவது, வேலைக்காரங்க வீட்டைப் பத்திச் சட்டத்துல ஒரு வரி இல்ல. வரி இல்லேன்னா வரி இல்ல” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

சாமான்களைச் சில நாளைக்கு உப்பக்கா வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

உப்பக்கா தயங்கினாள். அவள் மகளுக்குப் பிசியோதெரபி கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் அவர்கள் பரம்பரைக்கே எட்டாது. அரசாங்கத்தில் கட்டணச் சலுகைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். ஏழைதானா என்று வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்று பதில் வந்திருந்தது. சலுகை இல்லையென்றால் கல்லூரி இல்லை. அதை முதலாளியிடம் சொன்னாள். எப்போது வருவார்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அப்புறம் என்ன, அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவோம், சொந்தத்துக்குள் இதுகூடச் செய்யவில்லையென்றால் எப்படி என்றார்.

அந்தச் சொல் இரண்டாவது தடவையும் இனித்தது. உப்பக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

*

சாமான்கள் மெத்தை லாரியில் வந்தன. தொழிற்சாலையில் எல்லாவற்றையும் மெத்தைத் துணியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். சந்தில் இறங்கியது பூப்போட்ட மெத்தைகள்தான். ஆனால் ஒரு மெத்தைக்குக் கால் இருந்தது. இன்னொரு மெத்தை நடக்க நடக்கக் கலகலவென்று சிணுங்கியது. மூன்றாவது மெத்தையை ஆட்டினால் உள்ளேயிருந்து ‘ணங்’ என்றது. எதிர்வீட்டுத் தையல்காரி வாசலில் நின்றுகொண்டு, மெத்தைக்கு எதற்கடா கால் என்று கேட்டாளாம். புது மாடல், தூக்கம் வரலைன்னா தானே நடந்து போயிடும் என்றானாம் டிரைவர்.

உப்பக்கா வீடு முதல் மாடியில் ஒற்றை அறை. அதிலேயே ஒரு மூலை அடுக்களை. வெளியே எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு நடை, நடையின் கோடியில் குழாய். மசாஜ் நாற்காலி எப்படியோ உள்ளே போய் அறையில் பாதியை எடுத்துக்கொண்டது. சரவிளக்கை மின்விசிறிக் கொக்கியில் மாட்டினார்கள். அது முழங்கால் வரைக்கும் தொங்கியது. அறைக்குள் ஒரு கண்ணாடி மரம் தலைகீழாக முளைத்த மாதிரி. ஃப்ரிட்ஜ் வாசலில் நுழையவில்லை, நடையிலேயே நின்றுவிட்டது.

பியானோதான் சண்டித்தனம் செய்தது. மாடிப்படி திரும்புகிற வளைவில் போய் மாட்டிக்கொண்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. திருப்பிப் பார்க்கலாம் என்று மூடியைக் கழற்றினார்கள். மூடி வந்துவிட்டது, பியானோ வரவில்லை. சந்தே கூடித் தள்ளியது. கடைசியில் டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எடுக்கிற அன்னைக்குப் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று முதல் மாடிக்குப் போகிறவர்கள் பியானோவை உரசாமல் போக முடியாது. பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும். எக்கினாலும் இடுப்போ பையோ கட்டைகளில் பட்டுவிடும். ஒரே நாளில் யார் வருகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டது மாடி. தையல்காரி ஏறினால் ‘டிங் டிங்’ என்று இரண்டு பொடிச் சத்தம். கேஸ் சிலிண்டர்காரர் ஏறினால் இடி இடிக்கும். உப்பக்காவுக்கு நடுவில் ஒரு சத்தம் இருந்தது. அழகான சத்தம். அதற்காகவே அவள் தேவையில்லாமல் இரண்டு தடவை இறங்கி ஏறினாள்.

சந்துக்கு அது திருவிழாவாகிப் போனது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பள்ளம் இருந்தது, அதில் டம்ளரை வைத்து அமுக்கினால் ஐஸ் கொட்டியது. யார் யார் வீட்டு மாவோ மீனோ கண் மருந்தோ அதற்குள் குடியேறியது. நாற்காலிக்கு வரிசை நின்றது. முதலில் கூச்சப்பட்டவர்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மறுத்தார்கள். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு, என் முதுகைப் பிடிச்சு விட்ட முதல் ஆம்பளை இந்த நாற்காலிதான் என்றாள். அவள் புருஷன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் வங்கியிலிருந்து வந்து அதில் விழுந்தவர்தான். ரிமோட்டையும் அடியில் போட்டுக்கொண்டு தூங்கினார். மகள் அருகில் நின்று நெற்றியைச் சுருக்கினாள். “இது முதுகுக்கு நல்லதில்லப்பா. எலும்பு எங்க இருக்குன்னே இதுக்குத் தெரியல.” அவர் தூக்கத்திலேயே குலுங்கிக் குலுங்கித் தலையாட்டினார்.

*

அதிகாரி வருகிற நாளன்று மெத்தை முதலாளி வீட்டைப் பார்க்க வேண்டுமே. தோட்டக்காரருக்கும் டிரைவருக்கும் லீவு. கூடத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. வாழ்க்கையில் பாயில் உட்காராத மனிதர் அதில் உட்கார்ந்துவிட்டு, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தார். முதலாளியம்மா சாயம்போன ஒரு சேலையைத் தேடித் தேடி, கடைசியில் உப்பக்காவிடமே இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள். உப்பக்காவுக்கு மட்டும் லீவு கொடுக்க முடியவில்லை. ஏழையாக நடித்தாலும் பசிக்குமே. பின்கட்டில் சத்தம் காட்டாமல் சமை, அதுவும் தண்ணீர் மாதிரி ஒரு சூப் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி ஒரு பெண். கையில் டேப்லெட், காலில் அறுந்த வாரைப் பின்னூசியால் கோத்த செருப்பு. எதைச் சொன்னாலும் ‘சரி’ என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் நம்புகிறாளா இல்லையா என்று கடவுளே கண்டுபிடிக்க முடியாது. கூடத்தைப் பார்த்தாள், சரி. உத்தரத்தில் வெறும் கொக்கி, சரி. சுவரோரம் தரையில் பியானோ நின்ற அடையாளம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதையும் பார்த்தாள், சரி.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சூப்புதான் காட்டிக்கொடுத்தது. தண்ணீர் மாதிரி வை என்றால் உப்பக்காவின் கைக்கு வரவில்லை. இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுத் தாளித்துவிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அதிகாரி மூக்கைத் தூக்கினாள். மூக்கு போன வழியே கால் போனது. பின்கட்டு வாசலில் நின்று, கையில் கரண்டியோடு இருந்தவளைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள்.

ஆடிட்டர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். வேலைக்கு ஆள் என்று சொன்னால் அதற்கும் வரி. இரண்டு நாளாக நாக்கில் ஊறிக் கிடந்த சொல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

“எங்க சொந்தம்ங்க. தங்கச்சி.”

ஆடிட்டர் கையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டு போயிற்று. அவர் அதை எடுக்கக் குனிந்தவர், கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை.

“கூடப் பொறந்த தங்கச்சியா?”

“ஆமாங்க. கூடப் பொறந்தவதான். கஷ்டத்துக்கு ஒத்தாசையா வந்து போவா.”

“சரி” என்றாள் அதிகாரி. டேப்லெட்டில் விரலால் தட்டினாள். அவளுக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, உப்பு ரொம்பச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உப்பக்கா அடுப்படியிலேயே நின்றாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. தங்கச்சி என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. இந்த முறை ‘மாதிரி’கூட இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள்.

*

மத்தியானம் அவள் வீடு வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரர் நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தார். மகள் சரவிளக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முகம் பத்துத் துண்டாகத் தெரிந்தது. உப்பக்கா நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள், அப்போது படியில் பியானோ ஒலித்தது.

தையல்காரி இல்லை. சிலிண்டர்காரர் இல்லை. மெல்லிய ஒரு சத்தம், அப்புறம் ஒரு தயக்கம், அப்புறம் அதே சத்தம் இன்னொரு தடவை. யாரோ திரும்பி நின்று பியானோவைப் பார்க்கிறார்கள்.

“இது யாரு, புதுச் சத்தமா இருக்கு” என்றாள் மகள்.

வாசலில் அறுந்த வார்ச் செருப்பு தெரிந்தது. அதிகாரி நடையில் நின்ற ஃப்ரிட்ஜை அண்ணாந்து பார்த்தாள். நிலைப்படியில் குனிந்து நுழைந்து, நிமிர்ந்த வேகத்தில் சரவிளக்கில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அறை முழுக்கக் கலகலவென்று சிரித்த மாதிரி சத்தம்.

கட்டணச் சலுகைக்கு வீடு பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். தேதி அடுத்த மாதம்தான். ஆனால் இந்தப் பக்கம் வண்டி வந்ததால் கையோடு முடித்துவிடலாம் என்று வந்தாளாம். “ரெண்டு ஆபீஸுக்கும் ஆள் நான் ஒருத்திதான். காலையில பணக்காரங்க பணக்காரங்கதானான்னு பாக்கணும், மத்தியானம் ஏழைங்க ஏழைங்கதானான்னு பாக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான் சொல்றாங்க, எங்ககிட்ட ஒண்ணுமே இல்லன்னு” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் உப்பக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கண் விழித்தார். யாரோ அதிகாரி என்பது மட்டும் புரிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தார், நாற்காலி விடவில்லை. ரிமோட் அடியில் எங்கோ. கையைக் கூப்பினார்.

“நா-நா-நாங்க ரொ-ரொ-ரொம்-ப ஏ-ஏ-ஏ-ழைங்-ங்க மே-மே-டம்.”

மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புத்தகத்துக்குத்தான் தெரியும்.

“சரி” என்றாள் அதிகாரி. உப்பக்காவின் பக்கம் திரும்பினாள். “காலையில பாத்தேனே. நீங்க அந்த மெத்தை முதலாளியோட தங்கச்சிதானே?”

உப்பக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று முட்டியது. ஆமாம் என்றால், கோடீஸ்வரன் தங்கச்சிக்கு எதற்குச் சலுகை? மகளின் படிப்பு போச்சு. இல்லை என்றால், இந்தச் சாமானெல்லாம் இங்கே எப்படி வந்தது? திருட்டுப் பட்டம்தான். மகள்தான் சட்டென்று எழுந்து, சம்பந்தப்பட்டவரையே வரச் சொல்கிறேன் என்று போனை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பியானோ அலறியது. முதலாளியின் வயிறு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அத்தனை கட்டைகளையும் ஒன்றுவிடாமல் அமுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் முதலாளியம்மா, ‘ணங் ணங்’. கடைசியில் ஆடிட்டர். அவர் அவ்வளவு ஒல்லி, அவருக்குச் சத்தமே வரவில்லை. மாடி முழுக்க நடையில் கூடிவிட்டது.

அதிகாரி நிதானமாகக் கேட்டாள். இவங்க தங்கச்சி என்றால் இந்த வீடும் உங்கள் குடும்பம்தான், இந்தச் சாமானுக்கெல்லாம் உங்களுக்கு வரி, சரியா?

முதலாளி ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் காதில் ஏதோ சொன்னார். தங்கச்சி இல்லை, வேலையாள்தான், வாய் தவறிவிட்டது என்றார் முதலாளி. அப்படியானால் சாமான் யாருடையது என்று கேட்டாள் அதிகாரி. மறுபடியும் காது. எல்லாம் இவளுக்கே கொடுத்துவிட்டேன், இவளுடையதுதான் என்றார். அப்படியானால் பரிசு, பரிசுக்கு வேறு வரி உண்டு, சாமானும் திரும்பி வராது என்றாள் அதிகாரி. முதலாளியம்மா, “என் சரவிளக்கு” என்று முனகினாள். மறுபடியும் காது. கொடுக்கவில்லை, இவளாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று சொல்ல முதலாளி வாயெடுத்தார். நடையில் நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்தது. தையல்காரி, லாரி நம்பர் என் சுவத்துல எழுதி வச்சிருக்கேன் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். முதலாளி வாயை மூடிக்கொண்டார். ஆடிட்டர் ஒவ்வொரு வழியாக ஒவ்வொரு விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், கடைசியில் மூடிய கையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘அதாவது’ என்றார். அதற்கு மேல் வரவில்லை.

உப்பக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஐயா, மத்தவங்க பேச்செல்லாம் இருக்கட்டும். நீங்க என்னைப் பாத்துச் சொல்லுங்க. நான் உங்களுக்குச் சொந்தமா, சாமான் உங்களுக்குச் சொந்தமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. நான் சொந்தம்னா, இதோ நிக்கிறா உங்க மருமக, படிப்புக்கு நீங்களே கட்டிடுங்க. சாமான் சொந்தம்னா, வரியக் கட்டி எடுத்துட்டுப் போங்க. நாங்க கால நீட்டிப் படுத்து ரெண்டு நாளாச்சு.”

முதலாளி அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கல்லூரி என்றால் நாலு வருஷம் என்று ஆடிட்டர் காதில் சொன்னார். பிறகு சரவிளக்கைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்தது. பின்னால் ஒரு அடி வைத்தார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், நாற்காலியிலிருந்து எப்படியோ பிய்த்துக்கொண்டு எழுந்து இடம் விட்டார். முதலாளி தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். நாற்காலிக்கு அவரைத் தெரியும். பழைய முதலாளி வந்துவிட்ட சந்தோஷத்தில் முழு வேகத்தில் ஆரம்பித்தது.

“சா-சா-சா-மான்-தான்” என்றார் முதலாளி. “எ-எ-எ-ல்லாம் எ-எ-எ-ன்-னோ-ட-து.”

“சரியாக் கேக்கல” என்றாள் அதிகாரி.

“எ-எ-என்-னோ-ட-து. எ-என் சொ-சொ-சொந்-தம்.”

“சரி.”

நடையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் மாடியே சிரித்தது. உப்பக்காவுக்கு மட்டும் முதலில் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் தங்கச்சியாக இருந்தாள், சாயங்காலம் ஆவதற்குள் ஒரு ஃப்ரிட்ஜிடம் தோற்றுவிட்டாள். ஆனால் குலுங்கிக்கொண்டிருந்த அந்தக் கன்னங்களைப் பார்க்கப் பார்க்க, அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. முதலாளியம்மாவும் இரவல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளை யாரும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.

அதிகாரி டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே போனாள். அப்படியென்றால் உப்பக்கா வேலையாள். வேலையாள் என்றால் பதிவு செய்ய வேண்டும். சட்டப்படி சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. முதலாளி நாற்காலியிலிருந்தே தலையாட்டினார். அவர் ஆட்டினாரா நாற்காலி ஆட்டியதா என்று அதிகாரி பார்க்கவில்லை. சரி என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அந்தக் கட்டில் யாருடையது என்று கேட்டாள். எங்களுடையது என்றாள் உப்பக்கா. அந்த அடுப்பு? எங்களுடையது. தகரப் பெட்டி, அதன் மேல் அடுக்கிய பாடப் புத்தகங்கள்? எங்களுடையதுதான். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “அந்தக் கரண்டிகூட எங்களோடதுதாங்க. எழுதிக்கங்க.”

“சரி” என்றாள் அதிகாரி. அந்தச் சரியில் முதல்முறையாக ஒரு சிரிப்பு இருந்தது. சலுகை உண்டு என்றாள்.

*

மறுநாள் லாரி வந்தது. இந்த முறை மெத்தைத் துணி இல்லை. படியைப் பியானோ அடைத்திருந்ததால் எல்லாவற்றையும் மாடி நடையிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நாற்காலி சந்து வழியாகப் பகிரங்கமாகப் போனது, தையல்காரி கையசைத்து வழியனுப்பினாள். ஃப்ரிட்ஜை வீட்டில் வைத்துத் திறந்த முதலாளியம்மா உள்ளே ஒரு பெரிய மீன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு போன் செய்தாள். மீன்காரருக்கு அந்த மீனைத் திருப்பிக் கொடுக்க டிரைவர் தனியாக ஒரு நடை வந்தான்.

பியானோ மட்டும் அசையவில்லை. தள்ளினார்கள், இழுத்தார்கள், எண்ணெய் விட்டார்கள். சுவரை இடித்தால்தான் வரும் என்றார் கொத்தனார். இடித்தால் மாடி வரும் என்றார் கட்டடக்காரர். அதிகாரியிடம் கேட்டார்கள். பொருள் எங்கே இருந்தாலும் சொந்தக்காரர் சொந்தக்காரர்தான், வருஷா வருஷம் வரி உண்டு என்றாள். மெத்தை முதலாளி வருஷா வருஷம் வரி கட்டுகிற பியானோவை ஒரு சந்து முழுக்க இடுப்பால் வாசித்துக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை உப்பக்கா வேலைக்குப் போனபோது முதலாளி மறுபடியும் அடுக்களை வாசலுக்கு வந்தார். ஏதோ ஆக வேண்டியிருந்தது போல. “உப்பக்கா, நீ எங்க...” என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த சொல் வரவில்லை.

“வேலையாளுங்க” என்று எடுத்துக் கொடுத்தாள் உப்பக்கா. “பதிவான வேலையாளு. ஞாயித்துக்கிழமை லீவு.”

கல்லூரி திறந்த அன்று மகள் புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். உப்பக்கா பின்னாலேயே நடைவரை வந்தாள். நல்லபடியா போ, எலும்பையெல்லாம் ஒழுங்காப் படி என்று சொல்ல வந்தவள், பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். வீட்டுக்காரர் வங்கியிலிருந்து அப்போதுதான் வந்து வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். “போயிட்டாளா?” என்றார்.

“இருங்க” என்று கையைக் காட்டினாள் உப்பக்கா. வளைவில் ஒரு கணம் அமைதி. பிறகு பை இடித்ததில் ஒரு சத்தம், கை வேண்டுமென்றே அமுக்கியதில் இன்னொரு சத்தம், அதற்கு மேலே எட்டி அமுக்கியதில் ஒரு சத்தம்.

“இப்பப் போயிட்டா” என்றாள்.